கதிர் படாத கட்டி ஏன் கரைஞ்சது?

கேன்சருக்கு ரேடியேஷன் கொடுக்கறதை நம்ம ஊர்ல "கரண்ட் வைக்கிறாங்க"ன்னு சொல்வாங்க. உங்க வீட்டுலயோ தெருவுலயோ இந்த வார்த்தையைக் கண்டிப்பா கேட்டிருப்பீங்க. "முப்பது கரண்ட் சொல்லியிருக்காங்க, பன்னண்டு முடிஞ்சிருக்கு" - இப்படித்தான் கணக்கு ஓடும். அந்த வார்த்தைக்குள்ள ஒரு படம் இருக்கு: மெஷின்ல இருந்து ஏதோ ஒண்ணு பாயுது, கட்டி கருகிப் போகுது. டாக்டர்கள் மனசுலயும் ரொம்ப காலம் கிட்டத்தட்ட இதே படம்தான் இருந்தது. கதிர் பட்ட இடத்துல வேலை நடக்கும், படாத இடத்துல ஒண்ணும் நடக்காது.

அந்தப் படம் எப்படி மாறிச்சுங்கறதுதான் இன்னைக்கு எபிசோடு. மாறறதுக்கு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுல பெரும்பகுதி ஒரே ஆஸ்பத்திரிக்குள்ள, நியூயார்க்ல நடந்துச்சு.

1890. வில்லியம் கோலின்னு ஒரு இளம் சர்ஜன், வயசு 28. அவர்கிட்ட பெஸ்ஸி டேஷியல்னு 17 வயசுப் பொண்ணு வர்றாங்க. ரயில் பயணத்துல கையில அடிபட்டு, வீக்கம் குறையவே இல்ல. பார்த்தா எலும்பை ஒட்டின சார்கோமா. கையை முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள கேன்சர் உடம்பெல்லாம் பரவிடுச்சு. 1891 ஜனவரியில இறந்துட்டாங்க. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியருக்கு நெருங்கின தோழி இந்தப் பொண்ணு. பிற்காலத்துல ராக்ஃபெல்லர் பணம் கேன்சர் ஆராய்ச்சிக்குப் போனதுக்கு இதையும் ஒரு காரணமா சொல்வாங்க.

கோலியை இந்த மரணம் உலுக்கிடுச்சு. ஆஸ்பத்திரியோட பழைய ரெக்கார்டுகளை எடுத்து உட்கார்ந்துட்டார். நம்ம பாஷையில சொன்னா, பழைய லாக் ஃபைலை வரி வரியா படிக்கிறார். அதுல ஒரு கேஸ் பொருந்தவே இல்ல. ஃபிரெட் ஸ்டைன்னு ஒரு ஜெர்மன் குடியேறி. கழுத்துல சார்கோமா, ஆபரேஷன் பண்ணப் பண்ணத் திரும்ப வருது, கடைசியில கைவிட்டுட்டாங்க. அப்போ அவருக்கு எரிசிபெலஸ்னு ஒரு தோல் தொற்று வந்துச்சு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால வர்றது, கடும் காய்ச்சல் அடிக்கும். காய்ச்சல் வர வர கட்டி சுருங்கிட்டே போய், காணாமப் போயிடுச்சு. டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. ரெக்கார்டு அதோட முடியுது.

கோலி அந்த ஆளைத் தேடி, நியூயார்க் லோயர் ஈஸ்ட் சைடுல ஏழைக் குடியிருப்புகளுக்குள்ள இறங்கிட்டார். கண்டுபிடிச்சும் விட்டார். ஏழு வருஷம் கழிச்சும் ஸ்டைன் நல்லா இருக்கார், கழுத்துல பழைய தழும்பு மட்டும்தான்.

அதே வருஷம் கோலி தன் நோயாளிகளுக்கு வேணும்னே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஊசி போட ஆரம்பிச்சார். ஆமா, உயிருள்ள பாக்டீரியா! ஆன்டிபயாடிக் இன்னும் பிறக்காத காலம். சிலருக்குக் கட்டி கரைஞ்சது, ரெண்டு பேர் தொற்றாலயே இறந்தாங்க. அப்புறம் கொதிக்க வச்சுக் கொன்ன பாக்டீரியா கலவைக்கு மாறினார். அதுக்குத்தான் "கோலி டாக்ஸின்"னு பேர். ஏன் வேலை செய்யுதுன்னு அவருக்குத் தெரியாது. டி செல்னு ஒண்ணு இருக்கறதே யாருக்கும் தெரியாத நேரம் அது.

1895 நவம்பர்ல, ஜெர்மனியில வூர்ட்ஸ்பர்க் ஊர்ல ரான்ட்ஜென் எக்ஸ்ரேவைக் கண்டுபிடிச்சார். அடுத்த சில மாசத்துலயே அதைக் கட்டிகள் மேல அடிச்சுப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. 1898ல மேரி க்யூரியும் பியர் க்யூரியும் ரேடியத்தைக் கண்டுபிடிச்சாங்க. கோலி வேலை பார்த்த நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரிக்கும் ரேடியம் வந்து சேர்ந்துச்சு. ஜேம்ஸ் டக்ளஸ்னு ஒரு சுரங்க முதலாளி, மகளைக் கேன்சருக்குப் பறிகொடுத்தவர், அந்த ஆஸ்பத்திரிக்கு 1,00,000 டாலர் கொடுத்தார். அவர் நம்பினது ரேடியத்தை. அவர் நம்பின ஆள் ஜேம்ஸ் யூயிங்.

யூயிங் பெரிய பேத்தாலஜிஸ்ட். யூயிங் சார்கோமான்னு கேள்விப்பட்டிருந்தா, அது இவர் பேர்தான். 1931ல டைம் பத்திரிகை அட்டையில வந்தவர். கோலியும் இவரும் ஒரே கட்டிடத்துல வருஷக்கணக்கா மோதிக்கிட்டாங்க. கோலி காட்டின வெற்றிகளை யூயிங் நம்பல. "அது கேன்சரே இல்லாம இருந்திருக்கும்" வகையான சந்தேகம். இன்னொரு பக்கம் கோலி எக்ஸ்ரேவை எடுத்துப் பயன்படுத்திப் பார்த்துட்டு, இது இருக்கற இடத்தோட நிக்குது, பலன் தங்க மாட்டேங்குதுன்னு சொன்னார்.

இந்தக் கதையைச் சொல்ற பலர் யூயிங்கை வில்லனாக்கிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கோலி டாக்ஸின் தயாரிப்பு ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை இருக்காது. எவ்வளவு போடறது, எங்க போடறது, எத்தனை நாள் போடறது, எதுவும் நிலையா இல்ல. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. ரேடியத்தையோ எடை போடலாம், நேரம் குறிச்சு வைக்கலாம், அடுத்த ஊர் டாக்டரும் அதே மாதிரி செய்யலாம். ஒரே கோடு என் மெஷின்ல மட்டும் ஓடுது, உங்க மெஷின்ல ஓடாதுன்னா நீங்க எதை எடுத்துப்பீங்க? 1936ல கோலி இறந்தப்போ அவர் முறையும் ஏறக்குறைய மூலைக்குப் போயிடுச்சு. அவர் மகள் ஹெலன் கோலி நாட்ஸ்தான் அப்பாவோட கேஸ்களைத் தோண்டி எடுத்துத் தொகுத்து, 1953ல கேன்சர் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினாங்க. அவங்க தனி எபிசோடுக்குத் தகுதியானவங்க, பிறகு பார்ப்போம்.

இப்படி ரெண்டு அணி ஆயிடுச்சு. ஒரு அணி கதிர், இன்னொரு அணி எதிர்ப்புசக்தி. ரெண்டும் சேரவே சேராதுன்னு நினைக்க நல்ல காரணமும் இருந்துச்சு. உடம்புல கதிருக்கு ரொம்பச் சீக்கிரம் சாகற செல்கள்ல ஒண்ணு லிம்ஃபோசைட், அதாவது எதிர்ப்புசக்தியோட படைவீரனான வெள்ளை அணு. 1900களோட தொடக்கத்துலயே இது தெரிஞ்சுபோச்சு. ஹிரோஷிமாவுல பிழைச்சவங்க பலர் அடுத்த வாரங்கள்ல தொற்று வந்து இறந்ததுக்கு, கதிர்ல எலும்பு மஜ்ஜை செயலிழந்ததுதான் முக்கிய காரணம். 1959ல பாஸ்டன்ல ஜோசஃப் மர்ரே கிட்னி மாற்று ஆபரேஷன் பண்ணினப்போ, நோயாளியோட உடம்பு புது கிட்னியை நிராகரிக்காம இருக்க முழு உடம்புக்கும் எக்ஸ்ரே கொடுத்தார். அதாவது, எதிர்ப்புசக்தியை ஆஃப் பண்ற சுவிட்ச்சே கதிர்தான்! அப்படி இருக்கறப்போ, கதிர் எதிர்ப்புசக்தியைத் தட்டி எழுப்பும்னு ஒருத்தர் சொன்னா யார் கேட்பாங்க?

ஆனா அங்கங்க விநோதமான கேஸ்கள் வந்துட்டே இருந்துச்சு. உடம்புல ரெண்டு மூணு இடத்துல கட்டி. ஒண்ணுக்கு மட்டும் ரேடியேஷன். கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா, தொடாத கட்டியும் சுருங்கியிருக்கு. 1953ல இங்கிலாந்தைச் சேர்ந்த கதிர் உயிரியல் ஆராய்ச்சியாளர் ஆர்.எச். மோல், கதிர் பட்ட இடத்துக்கு வெளியே நடக்கற விளைவுகளுக்கு ஒரு பேர் வச்சார்: "அப்ஸ்கோபல்". லத்தீன்ல "அப்"னா விலகி, கிரேக்கத்துல "ஸ்கோபோஸ்"னா குறி. குறிக்கு அப்பால்னு அர்த்தம். பேர் வச்சதுக்குக் காரணம் தெரியும்னு அர்த்தம் இல்ல. இது எவ்வளவு அபூர்வம்னா, பிற்பாடு பழைய ஜர்னல்களைச் சல்லடை போட்டுத் தேடினவங்களுக்கு 1969ல இருந்து 2014 வரைக்கும் கிடைச்ச கேஸ் ரிப்போர்ட் வெறும் 46. அதே காலத்துல உலகம் பூரா ரேடியேஷன் எடுத்தவங்க கோடிக்கணக்குல. எந்த டீமா இருந்தாலும் இப்படி ஒரு பக்கை "மறுபடி வரல"ன்னு மூடிட்டுப் போயிருக்கும்.

மூடாம வச்சிருந்தவங்க சிலர். 1979ல ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன்ல ஹெலன் ஸ்டோன் குழு ஒரு எளிமையான சோதனை செஞ்சாங்க. எலிகளுக்கு ஒரே வகைக் கட்டி. ஒரு குழு எலிகளுக்கு எதிர்ப்புசக்தி நல்லா இருக்கு, இன்னொரு குழுவுக்கு டி செல்களை இல்லாம பண்ணிட்டாங்க. பாதி எலிகளோட கட்டியை அழிக்க எவ்வளவு கதிர் வேணும்? முதல் குழுவுக்குச் சுமார் 30 கிரே போதும் (கிரேங்கறது கதிர் அளவை அளக்கற அலகு). டி செல் இல்லாத குழுவுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தேவைப்பட்டுச்சு.

கொஞ்சம் நிறுத்தி இதை யோசிங்க. இங்க பேசறது தூரத்துல இருக்கற கட்டியைப் பத்தி இல்ல. கதிர் நேரா பட்ட கட்டியே பாதி எதிர்ப்புசக்தியாலதான் செத்திருக்கு. கதிர் மட்டுமே கொல்லுதுன்னு எண்பது வருஷமா எழுதின கணக்குல ஒரு பங்காளி விட்டுப் போயிருக்கார்! ஆனா இந்தப் பேப்பர் அப்போ பெரிய அலை எதையும் கிளப்பல.

அடுத்த பெரிய சோதனை 2004ல, நியூயார்க் பல்கலைக்கழகத்துல. பேத்தாலஜிஸ்ட் சாண்ட்ரா டெமரியாவும் ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட் சில்வியா ஃபோர்மென்டியும் சேர்ந்து செஞ்சது. எலியோட ரெண்டு பக்கமும் மார்பகக் கேன்சர் செல்களை வளர்த்தாங்க. ஒரு பக்கத்துக்கு மட்டும் கதிர். கூடவே டென்ட்ரிட்டிக் செல்களைப் பெருக்கற ஒரு மருந்து. கதிர் படாத பக்கத்துலயும் கட்டி வளர்றது குறைஞ்சுது. டி செல் இல்லாத எலிகள்ல இந்த விளைவே வரல. இன்னும் அழகான ஒரு செக் வச்சாங்க: கதிர் படாத பக்கத்துல வேற ஜாதிக் கேன்சரை, ஒரு லிம்ஃபோமாவை, வளர்த்துப் பார்த்தாங்க. அது பாட்டுக்கு வளர்ந்துச்சு. அப்போ உடம்பு பூரா பரவின ஏதோ ஒரு விஷமோ ஹார்மோனோ காரணமா இருக்க முடியாது. டி செல்கள் அந்தக் குறிப்பிட்ட கேன்சரோட முகத்தை அடையாளம் கண்டு வேட்டையாடியிருக்கு.

சரி, உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது? இதைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம், இந்தக் கதையோட இதயமே இதுதான்.

கதிர் பட்டா செல்லோட டிஎன்ஏ உடையுது. உடைஞ்ச துணுக்குகள்ல கொஞ்சம் நியூக்ளியஸை விட்டு வெளியே, செல்லோட மத்தப் பகுதிக்குக் கசியுது. அங்க டிஎன்ஏ இருக்கவே கூடாது. இருந்தா பெரும்பாலும் வைரஸ் நுழைஞ்சிருக்குன்னு அர்த்தம். அதைக் கவனிக்கவே ஒரு காவல்காரன் இருக்கான், பேர் சி-காஸ். இதைக் கண்டுபிடிச்சது டெக்சாஸ்ல ஜேம்ஸ் சென்னோட ஆய்வகம், பேப்பர் 2013ல வந்துச்சு. சி-காஸ் டிஎன்ஏ துணுக்கைத் தொட்டதும் ஸ்டிங்னு இன்னொரு புரதத்தைக் கிளப்பும். அது இன்டர்ஃபெரான்னு ஒரு அலாரத்தை ஊத வைக்கும். அதாவது கதிர்ல அடிபட்ட கேன்சர் செல், தனக்கு வைரஸ் காய்ச்சல் வந்த மாதிரி கத்துது.

கத்தலைக் கேட்டு டென்ட்ரிட்டிக் செல்கள் வருது. இதுங்க வேலை துப்புத் துலக்கறது. சாகற செல்லும் சும்மா சாகறதில்ல, "என்னை எடுத்துத் தின்னு"ன்னு தன் மேல்தோல்ல கால்ரெட்டிகுலின்னு ஒரு புரதத்தைக் காட்டிட்டுச் சாகுது. டென்ட்ரிட்டிக் செல் அந்தத் துண்டுகளை விழுங்கி, பக்கத்து நிணநீர் முடிச்சுக்கு எடுத்துட்டுப் போகுது. பல்வலி வந்தா "நெறி கட்டியிருக்கு"ன்னு தாடைக்கடியில தொட்டுப் பார்ப்போமே, அதே முடிச்சுதான். அங்க டி செல்களுக்கு "இந்த முகத்தைத் தேடு"ன்னு காட்டிக் கொடுக்குது. பயிற்சி எடுத்த டி செல்கள் ரத்தத்துல இறங்கி, உடம்புல எங்க அந்த முகம் இருந்தாலும் போய்த் தாக்கும். கோலியோட பாக்டீரியாவும் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு அலாரத்தைத்தான் அடிச்சிருக்கணும்னு இன்னைக்கு நினைக்கறாங்க.

இவ்வளவு நல்லா இருந்தா ஏன் 45 வருஷத்துல 46 கேஸ்? ஏன்னா கட்டி சும்மா இருக்காது. அதுக்கு வேற வேலைகள் இருக்கு. கதிர் பட்டதும் கட்டிக்குள்ள டிஜிஎஃப்-பீட்டான்னு ஒரு வேதிப்பொருள் முழிச்சுக்குது, அது டி செல்களைத் தூங்க வைக்கும். காயம் ஆத்த வர்ற சில மேக்ரோஃபேஜ்கள் கட்டிக்கே துணை போகுது. இன்டர்ஃபெரான் அலாரம் அடிச்சதும் கேன்சர் செல்கள் பிடி-எல்1ங்கற புரதத்தை மேல தூக்கிக் காட்டுது, "நான் உங்க ஆளு, சுடாதே"ன்னு. ஆக, ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே நேரத்துல. எந்தக் கால் ஜெயிக்கும்ங்கறதுதான் கேள்வி, பெரும்பாலும் பிரேக்தான் ஜெயிச்சுட்டு இருந்துச்சு.

அந்த பிரேக்கை எடுத்துவிட முடியும்னு 1996ல எலிகள்ல காட்டினவர் ஜேம்ஸ் அல்லிசன். சிடிஎல்ஏ-4ங்கற பிரேக். இதுக்காக 2018ல ஜப்பானோட தசுகு ஹோன்ஜோவோட சேர்ந்து நோபல் வாங்கினார். அந்த வழியில வந்த இபிலிமுமாப் மருந்துக்கு 2011ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது.

அனுமதிக்கு முன்னாடியே சோதனையில அந்த மருந்தை எடுத்துட்டிருந்த ஒரு பெண்ணோட கேஸ் 2012 மார்ச்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. மெலனோமா, பரவின நிலை. மருந்து இருந்தும் நோய் மெல்ல முன்னேறிட்டே இருந்தது. முதுகெலும்பு பக்கத்துல இருந்த ஒரு கட்டியால வலி. 2010 டிசம்பர்ல, வலியைக் குறைக்கத்தான் அந்த ஒரு இடத்துக்கு மூணே தடவை ரேடியேஷன் கொடுத்தாங்க, மொத்தம் 28.5 கிரே. சில மாசம் கழிச்சு ஸ்கேன் எடுத்தா, அந்தக் கட்டி சுருங்கியிருக்கு, சரி. கதிர் போகாத மண்ணீரல்லயும் நுரையீரலை ஒட்டின முடிச்சுகள்லயும் இருந்த கட்டிகளும் சுருங்கியிருக்கு. அவங்க பழைய ரத்த சாம்பிள்களை எடுத்து ஒப்பிட்டா, கேன்சர் புரதம் ஒண்ணுக்கு எதிரான ஆன்டிபாடி பல மடங்கு ஏறியிருக்கு.

இது நடந்தது மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல. கோலியும் யூயிங்கும் முறைச்சுக்கிட்டே கடந்து போன அதே மெமோரியலோட இன்னைக்குப் பேர்!

இதுக்கப்புறம் ஒரு அலை வந்துச்சு பாருங்க. எங்க பார்த்தாலும் ரேடியேஷன் பிளஸ் இம்யூனோதெரபி டிரையல். மனுஷங்க மேல ஃபோர்மென்டி குழு செஞ்ச ஒரு சோதனை 2015ல வெளியானது: ஒரு இடத்துக்குக் கதிர், கூட ஜிஎம்-சிஎஸ்எஃப்னு ஒரு ஊசி, மொத்தம் 41 பேர். 11 பேருக்குத் தூரக் கட்டி சுருங்குச்சு. ஊக்கம் தர்ற எண்தான், ஆனா ஒப்பீட்டுக் குழு இல்லாத சின்னச் சோதனைங்கறதை மறக்கக் கூடாது. ஏன்னா ஒப்பீட்டுக் குழு வச்சுப் பார்த்தப்போ பல இடத்துல சப்புன்னு போயிடுச்சு. தலை-கழுத்துக் கேன்சர் பரவினவங்க 62 பேர்ல, நிவோலுமாப் மட்டும் ஒரு பாதிக்கு, நிவோலுமாப்போட ஒரு கட்டிக்கு ரேடியேஷன் இன்னொரு பாதிக்கு. தூரக் கட்டிகள்ல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல.

டோஸ்லயே ஒரு பொறி இருக்கு. நிறைய கொடுத்தா நிறைய டிஎன்ஏ உடையும், நிறைய அலாரம்னுதானே தோணும்? டெமரியா ஆய்வகம் 2017ல காட்டினது வேற. ஒரே அடியா 20 கிரே மாதிரி கொடுத்தா, செல்லுக்குள்ள ட்ரெக்ஸ்-1னு ஒரு என்சைம் கிளம்பி, கசிஞ்ச டிஎன்ஏவை எல்லாம் பெருக்கித் தள்ளிடுது. அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடியே தடயம் காலி. 8 கிரேயா மூணு தடவை பிரிச்சுக் கொடுத்தப்போ எலிகள்ல அலாரம் ஒழுங்கா அடிச்சுது.

நேரமும் முக்கியம். ஆபரேஷன் பண்ண முடியாத மூணாம் நிலை நுரையீரல் கேன்சர்ல, கீமோவும் ரேடியேஷனும் முடிஞ்ச பிறகு துர்வலுமாப் கொடுத்துப் பார்த்த பசிஃபிக் டிரையல் 2017ல வெளியானது. நோய் முன்னேறாம இருந்த காலம் 5.6 மாசத்துல இருந்து 16.8 மாசத்துக்குப் போச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க மருந்து எடுத்த குழுவுல 42.9 சதவீதம், எடுக்காத குழுவுல 33.4. இது நிஜ மனுஷங்களோட நிஜ வருஷங்கள். உலகம் பூரா சிகிச்சை முறையே மாறிச்சு. சரி, முடியற வரைக்கும் ஏன் காத்திருக்கணும், சேர்த்தே கொடுப்போமேன்னு பசிஃபிக்-2 செஞ்சாங்க. பலன் இல்ல. தலை-கழுத்துக் கேன்சர்ல 697 பேரோட நடந்த ஜாவ்லின் டிரையல்லயும் சேர்த்துக் கொடுத்தாங்க, அதுவும் பலன் இல்லாம பாதியில நின்னுச்சு.

ஏன்? பலர் சந்தேகப்படற ஒரு காரணம் எனக்கு ரொம்பப் பொருத்தமா படுது. தலை-கழுத்துக் கேன்சருக்கு வழக்கமா கட்டியோட சேர்த்து கழுத்து நெறிகளுக்கும் கதிர் கொடுப்பாங்க, கேன்சர் அங்கதான் முதல்ல ஒளிஞ்சுக்கும்னு. ஆனா டி செல்களுக்குப் பயிற்சி நடக்கற பள்ளிக்கூடமும் அதே நெறிதான். ஒரு பக்கம் பிரேக்கை எடுத்துவிட மருந்து கொடுத்துட்டு, இன்னொரு பக்கம் ஆறு ஏழு வாரத்துக்குத் தினமும் பள்ளிக்கூடத்து மேல குண்டு போட்டா? 2025ல வெளியான கீநோட்-689ல வரிசையை மாத்தினாங்க. நெறிகளை வெட்டி எடுக்கறதுக்கும் கதிர் கொடுக்கறதுக்கும் முன்னாடியே பெம்ப்ரோலிசுமாப். பிறகு ஆபரேஷன், பிறகு ரேடியேஷன். நோய் திரும்பாம இருந்த காலம் கூடுச்சு. வாய்ப் புற்றுநோய் இவ்வளவு இருக்கற நம்ம நாட்டுக்கு இது சின்ன செய்தி இல்ல, மருந்தோட விலைதான் பெரிய சுவர்.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன், ஏன்னா இந்த எபிசோடு வீட்டுல நோயாளி இருக்கறவங்க காதுலயும் விழும். "ஒரு இடத்துக்குக் கரண்ட் வச்சா மத்ததும் கரையுமாமே"ன்னு எதிர்பார்த்து யாரும் சிகிச்சையைக் குறைக்கவோ மாத்தவோ கூடாது. ரேடியேஷனுக்குத் தனி பலன் இருக்கு, அதுக்காகத்தான் கொடுக்கறாங்க. அப்ஸ்கோபல் இன்னும் லாட்டரிதான். அதேபோல "ரேடியேஷன் எதிர்ப்புசக்தியைக் கொன்னுடும், வேண்டாம்"னு வாட்ஸ்அப்ல சுத்தற மெசேஜையும் நம்பாதீங்க. உங்க டாக்டர்கிட்ட கேட்கற கேள்விகள்ல ஒண்ணா வேணா இதைச் சேர்த்துக்கலாம்: இந்த கேஸ்ல இம்யூனோதெரபிக்கு இடம் இருக்கா, இருந்தா கரண்ட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?

இப்போ பல சென்டர்கள்ல, கட்டியைச் சுத்தியிருக்கற நல்ல நெறிகளை விட்டுவச்சு கதிர் கொடுக்க முடியுமான்னு சோதிச்சுட்டு இருக்காங்க. முப்பது கரண்ட் ஓடற ஆறு வாரத்துல, அந்த வழியா ஓடற ரத்தத்துல எத்தனை லிம்ஃபோசைட் சாகுதுன்னு கணக்குப் போடற மாடல்கள் வந்துடுச்சு. ஒரு நாளைக்கு 2 கிரே, லிம்ஃபோசைட்டைச் சாய்க்க அதுவே அதிகம். அந்த மாடல்கள்ல ஒண்ணோட கோடை எடுத்துப் படிச்சுட்டு இருக்கேன், அடுத்த எபிசோட்ல அதைப் பிரிச்சுப் போடலாம்.